கும்மித் தட்டு திரும்பக் கேட்கிறது: ஒலிநாடாக்களை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

மேலூர் வட்டாரத்துப் பெரியோர்களுக்கும், அன்று பாடிக் கொடுத்த தாய்மார்களின் குடும்பத்தாருக்கும், இப்பணியில் உடனிருந்த அனைவருக்கும் வணக்கம்.

பள்ளி ஆசிரியராக இருந்த என் தந்தையார், 1984 தொடங்கிப் பத்தாண்டுகள், முளைப்பாரிக் கும்மி, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எனப் பதிவு செய்து வைத்த 46 ஒலிநாடாக்களில் 41 இப்போது கணினிக் கோப்புகளாகிவிட்டன. மரப்பெட்டிக்குள் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து கிடந்தவற்றை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இதனை எழுதுகிறேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் டேப் ரிக்கார்டர் பழுதுபார்க்கும் பெரியவருக்கே முதல் வணக்கம். திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டிருந்த கேசட்டுகளைப் பிளேடால் பிளந்து, நாடாச் சுருளை மட்டும் எடுத்து வேறு கூட்டுக்குள் மாற்றி, உதிர்ந்துபோன பஞ்சுக்குப் பதில் புதுப் பஞ்சு பொருத்தி, ஒவ்வொரு நாடாவுக்கும், நாடாவில் உரசி ஒலியைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைச் சிறு திருப்புளியால் காதால் கேட்டுக் கேட்டே சரிசெய்தார். அந்தச் சாய்வு இம்மி பிசகினாலும் குரல் போர்வைக்குள் இருந்து பேசுவது போல மங்கிவிடும். கூட்டுக்கும் பஞ்சுக்கும் ஆன விலைக்கு மேல் அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அடுத்து, பதிவுகளைக் கணினியில் ஏற்றிய கல்லூரி மாணவர்கள். அவர்களைச் சந்திக்கும் முன்பே நான் அவசரப்பட்டு நான்கு நாடாக்களை ஒரு கடையில் கொடுத்திருந்தேன். இரைச்சல் நீக்கித் தந்த எம்பி3 கோப்பில் குரல் பளிச்சென்று இருந்தது. கும்மித் தட்டைத்தான் காணோம். கைதட்டும் ஓசையையும் இரைச்சல் என்று மென்பொருள் துடைத்துவிட்டது. மாணவர்கள் அந்த நான்கையும் மறுபடி ஓட்டி, 24 பிட் ஆழத்தில், விநாடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் ஒலியைச் சுருக்காத வேவ் கோப்புகளாகப் பதிந்தார்கள். ஒரு மணி நேர நாடாவுக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகிறது. மூலக்கோப்பில் கைவைக்காமல், கேட்பதற்கான நகலைத் தனியே எடுத்து, மூன்று பிரதிகளில் ஒன்றை வெளியூரில் வைத்திருக்கிறார்கள்.

பாட்டை எழுத்தாக்கும் வேலையில் எங்கள் அத்தைமார் இல்லாவிட்டால் தலைகுனிந்திருப்போம். 'கலுங்கு' என்று பாடியதை நாங்கள் 'கழுகு' என்று எழுதி வைத்திருந்தோம். கண்மாய் நிறைந்தால் மிகுநீர் வழியும் கலிங்கு அது என்று திருத்தி, பெரியாற்று வாய்க்கால் தண்ணீர் எந்த மடையில் புகுந்து எந்த வயலுக்குப் போகிறது என்று அந்தக் கும்மி அடுக்கிக்கொண்டே போவதை, வரப்பில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். பெரியாறு அணை கட்டி முடிந்தது 1895இல் என்பதால், அந்த வரிகளாவது அதற்குப் பின் சேர்ந்தவை என்று அங்கே நின்றுதான் எனக்கு விளங்கியது.

மூன்று ஒப்பாரிகளைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்று தயங்காமல் சொன்ன குடும்பத்தாருக்கும் நன்றி. வீட்டுத் துக்கத்தை ஊரார் கேட்க ஏற்றிவிடுவது எளிது, திரும்பப் பெறுவது இயலாது. அவை குடும்பத்தாரிடம் மட்டுமே இருக்கும். மற்றவை யாரும் கேட்கலாம், படியெடுக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 17ஆம் நாடாவின் இரண்டாம் பக்கத்தில், ஆட்டுரல் ஓசைக்கு நடுவே ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். உறையில் தந்தையார் 'கிழக்குத் தெரு, பகல்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். குரலை அடையாளம் தெரிந்தவர்கள் சொன்னால், அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுவோம்.