மாத்திரை வாங்கித் தந்த முக்கால் மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் காலைப் பழக்கங்கள் பற்றி வந்த கட்டுரையை எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து சேர்ந்து படித்தோம். நாலரைக்கு எழுந்திருங்கள், எலுமிச்சை பிழிந்த வெந்நீர் குடியுங்கள், தியானம் செய்யுங்கள், நடங்கள், டைரி எழுதுங்கள், பத்துப் பக்கமாவது படியுங்கள் என்று அது போய்க்கொண்டே இருந்தது. "அப்புறம் சோறு ஆரு ஆக்கறதாமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலை எட்டரைக்கு மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். ஆர்டர் அவசரமென்றால் ஒன்றரை ஷிப்ட். வீடு வந்து சேர ஒன்பது தாண்டும், தலை சாய்க்கப் பதினொன்று. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். நாலரைக்கு எழுந்தால் எனக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். அந்தத் தூக்கத்தோடு தியானத்துக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் மகன் பள்ளிக்கூடப் புவியியல் பாடத்தைச் சத்தமாகப் படித்தபோது காதில் விழுந்தது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். நாங்கள் இருப்பது 77 டிகிரியைச் சற்றுத் தாண்டி. ஆக, கடிகாரம் ஐந்து காட்டும்போது எங்கள் ஊரில் சூரியக் கணக்குப்படி நாலே முக்கால்கூட ஆகியிருக்காது. ஜனவரிக் கடைசியில் வெயில் முகம் காட்டவே ஆறே முக்கால் ஆகிறது. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்களே, அந்தக் கடிகாரம் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். செல்போன் அலாரத்தை அது சட்டை செய்வதில்லை. கல்கத்தாக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் ஒரே நாலரைக்கு எழ வேண்டும் என்று எந்த உடம்பும் கேட்கவில்லை.

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் எனக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது. டீயோ காபியோ சேர்ந்தால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. (இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். எங்கள் கம்பெனியில் பலர் எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டு, டீயும் குடித்துவிடுகிறார்கள். உங்கள் மருத்துவப் பக்கத்தில் இதைப் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியம்.)

டீ இல்லாமல் அடுப்படியில் நிற்பது தண்டனை. ஒருநாள் வீட்டுக்காரரிடம், "மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் டீ குடிக்கக் கூடாது, அடுப்புப் பக்கமும் போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றேன். முதல் பாதி டாக்டர் சொன்னது. இரண்டாம் பாதி நான் சேர்த்துக்கொண்டது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து குக்கர் வைப்பது அவர் பொறுப்பு. ஆரம்பத்தில் சோறு குழைந்தது. இப்போது ரசம்கூட வைக்கிறார். மாமியார்தான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். டாக்டர் பெயரைச் சொன்னதும் அதுவும் இறங்கிவிட்டது.

அந்த முக்கால் மணி நேரத்தில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மொட்டைமாடிக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கிறேன். வெளுத்து வரும்போது நின்று பார்க்கிறேன். தினக்காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இன்றைக்கு விடக்கூடாத வேலைகளை எழுதுகிறேன்: கரண்ட் பில், மகனின் பரீட்சைக் கட்டணம், சீட்டுப் பணம். மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நடப்பதில்லை. செல்போன் கீழே சாமி அலமாரி ஓரத்தில் சார்ஜில் கிடக்கும். கையில் எடுத்தால் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி வந்த திட்டுகள் முதலில் கண்ணில் படும். அதோடு அந்த நாள் அவர்களுடையதாகிவிடும்.

இந்த நேரம் கிடைப்பதே முந்தைய இரவால்தான். காய் நறுக்கி டப்பாவில் போட்டு, டிபன் பாக்ஸ்களைக் கழுவி வரிசையாக வைத்து, மகனின் சட்டையைத் தேய்த்து மாட்டிவிட்டுத்தான் படுக்கிறேன். ஒற்றை ஷிப்ட் நாளில் பத்து மணிக்குப் படுக்கை, ஐந்தேகாலுக்கு எழுச்சி. ஒன்றரை ஷிப்ட் ஓடிய மறுநாள் ஆறு மணிக்கு முன் எழுவதில்லை. அன்று மாடி நடையைக் குறைத்துக்கொள்வேனே தவிர தூக்கத்தைக் குறைப்பதில்லை. தண்ணீர் விடுகிற நாளில் இந்தச் சட்டம் எதுவும் செல்லாது. குடம்தான் ராஜா.

வேலையில் இதற்குப் பலன் உண்டா என்று கேட்டால், செக்கிங் டேபிளில் என் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். வீட்டில் ஓடி ஓடி வேலை முடித்து, ஒரு வாய் சாப்பிடாமல் வருகிற பெண்கள் காலை பத்து மணிக்கே களைத்துவிடுகிறார்கள். தையல் விட்ட பீஸ், எண்ணெய்க் கறை பட்ட பீஸ் அவர்கள் கையைத் தாண்டிப் போய்விடுகிறது. பிறகு பேச்சு வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சுறுசுறுப்பு போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. எங்களைவிட முன்னால் எழுகிறவர்கள் அவர்கள். எழுந்ததிலிருந்து அவர்களுக்கென்று ஒரு நிமிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், வீட்டில் இருக்கிற மற்றவர்கள் அந்த நேரத்தில் என்ன வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். அதை மகளிர் பக்கத்தில் போட வேண்டாம். கிரிக்கெட் செய்திக்குப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
திருப்பூர்.