கஞ்சாவுக்கும் ஒரு டாஸ்மாக் வேண்டாம், கயல்

அன்புள்ள கயல்,

உன் விவாத உரையைப் படித்தேன். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி அரசே விற்க வேண்டும் என்று கல்லூரி மேடையில் பேசப்போகிறாய் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் பதறிவிட்டார்கள். எனக்குப் பதற்றம் இல்லை. கஞ்சாச் சட்டத்தில் சின்னப் பையன்கள்தான் மாட்டுகிறார்கள் என்று முதல் இரண்டு பக்கங்களில் நீ எழுதியிருப்பதை, வக்கீலாக நீதிமன்றத்தில் நேரில் பார்க்கிறவன் நான். அரசே விற்கட்டும் என்கிற மூன்றாவது பக்கம்தான் உறுத்துகிறது. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

கஞ்சா வழக்கில் ரிமாண்டுக்கு நிற்பவர்களில் நான் அதிகம் பார்ப்பது பெயின்ட் அடிக்கப் போகிற பையன்களையும் படிப்பைப் பாதியில் விட்டவர்களையும்தான். ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து சரக்கை மூட்டை மூட்டையாக அனுப்புகிற ஆள் அந்தக் கூண்டுக்கு வருவது அபூர்வம். போதைப்பொருள் குற்றங்களுக்கான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27-ஆம் பிரிவில், கஞ்சா புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை கையில் இருந்தால் ‘சிறிய அளவு’, ஓராண்டு வரை சிறை. 50 கிராம் வைத்திருப்பவனும் 900 கிராம் வைத்திருப்பவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். புத்தகத்தில் படித்தால் சின்னத் தண்டனைதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். போட்ட அன்றே அந்தப் பையனுக்குத் தண்டனை தொடங்கிவிடுகிறது. வேலை போகிறது, பாஸ்போர்ட் விசாரணையில் சிக்கல் வருகிறது, தங்கையின் கல்யாணப் பேச்சில்கூட அந்த வழக்கு வந்து நிற்கிறது. சிறையிலிருந்து வெளியே வரும்போது நாலு வியாபாரிகளின் பழக்கத்தோடு வருகிறான்.

“கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்” என்ற மிரட்டல் நம் ஊரில் யாருக்கும் விளக்காமலே புரிகிறதே, அதை உன் உரையில் சேர். பொருள் கையில் இருந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும், குற்றம் செய்யவில்லை என்று காட்டவேண்டிய பாரம் குற்றம்சாட்டப்பட்டவன் தலையில் விழுகிற சட்டம் இது. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2020-இல்தான், தூஃபான் சிங் வழக்கில். அதில் எதிர்த்தரப்பு தமிழ்நாடு அரசு.

வரலாற்றுப் பகுதியை நன்றாக எழுதியிருக்கிறாய். 1893-இல் கஞ்சாவைப் பற்றி ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்துவிட்டு, முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்றது உண்மை. 1985-இல் வந்த இந்த என்.டி.பி.எஸ். சட்டம் செடியின் பூவையும் பிசினையும் தடைசெய்து இலையை விட்டுவிட்டதால், ராஜஸ்தானில் உரிமம் பெற்ற கடையில் கஞ்சா இலையை அரைத்துச் செய்கிற பாங்கு விற்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஒன்றைக் கவனி. அந்த ஆணையத்தை அமைத்த அரசு அப்போதே கஞ்சாவில் வரி வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் ஆணையத்தின் முடிவு பொய்யாகிவிடாது. இருந்தாலும் வருமானம் பார்க்கிற அரசு போதையைப் பற்றிச் சொல்வதை ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் ஏற்கவேண்டும்.

இனி மூன்றாவது பக்கம். “அரசே விற்கட்டும், வரும் பணத்தைப் பள்ளிகளுக்குச் செலவிடட்டும்” என்கிறாய். நாம் இதை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம், கயல். 2003-இல் மதுவின் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தபோது கள்ளச்சாராயம் ஒழியும், அரசுக்கு வருமானம் வரும் என்றுதான் சொன்னார்கள். இன்று அந்த வருமானம் ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2016, 2017, 2023 என்று மூன்று முறை ஒவ்வொரு தடவையும் 500 கடைகளை மூடியும், மொத்தத்தில் வருமானம் கூடித்தான் போனது. கள்ளச்சாராயமும் ஒழியவில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதைக் குடித்துச் செத்தார்கள். தினமும் குடிப்பவனை நம்பியே கல்லா நிறையும்போது, அவனைக் குடியிலிருந்து மீட்க எந்த அரசுக்கு மனம் வரும்? கஞ்சாவுக்கும் அதே கல்லாவைத் திறக்கச் சொல்கிறாயா?

கஞ்சா தீங்கற்றது என்கிற வரியை எடுத்துவிடு. பதின்ம வயதில் தொடங்கி, வீரியமான சரக்கைத் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. காதில் குரல் கேட்கிறது என்று சொல்கிற பதினெட்டு வயது மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்கிற அம்மாவிடம் போய் “இது வெறும் மூலிகை” என்று நீயும் சொல்லமாட்டாய்.

வெளிநாட்டு உதாரணங்களில் தாய்லாந்தை ஏன் விட்டாய்? 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள், முறையான சட்டம் எதுவும் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்றே ஆண்டில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பினார்கள். உருகுவே நிதானமாகப் போனது. 2013-இல் சட்டம், 2017-இல்தான் மருந்தகத்தில் விற்பனை. பதிவுசெய்தவருக்கு மட்டும், மாதம் 40 கிராம்தான், விளம்பரமே கூடாது. ஜெர்மனி 2024-இல் கடைகளைத் திறக்காமல், லாப நோக்கமற்ற சங்கங்கள் உறுப்பினர்களுக்காக மட்டும் வளர்க்கலாம் என்றது. இரண்டு நாடுகளுமே யாரும் இதை விற்றுக் கொழுத்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தன. நமக்கு அந்த இடமே இன்னும் தூரம் என்பது என் எண்ணம்.

நமக்கு இப்போது வேண்டியது போர்ச்சுகல் 2001-இல் செய்தது. அங்கே விற்பது இன்றும் குற்றம். சொந்தப் பயன்பாட்டுக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருப்பவனைக் குற்றவாளி ஆக்குவதில்லை, ஒரு குழுவின் முன் அனுப்புகிறார்கள். அதில் சட்டம் தெரிந்தவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருப்பார்கள். நம் சட்டத்திலேயே அதற்கு ஒரு விதை இருக்கிறது. 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்தால் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. அதைக் கேட்டு மனு போடலாம் என்று அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்வதில்லை. என்னைப் போன்ற வக்கீல்களில் பலர் அபராதத்தைக் கட்டிவிட்டு ஆளை வெளியே எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே 27-ஆம் பிரிவிலிருந்து சிறையை நீக்கச் சொல். சிறிய அளவை ஒரு கிலோவிலிருந்து சில பத்துக் கிராம்களுக்கு இறக்கி, அதற்குள் வைத்திருப்பவனை வழக்கிலிருந்தே விடுவிக்கச் சொல். 64ஏ-வை நீதிமன்றமே முன்வந்து எடுத்துச் சொல்லவேண்டும் என்று கேள். “அப்படியானால் விற்பவனை என்ன செய்வது?” என்று எதிரணி நிச்சயம் கேட்கும். இப்போதுள்ள தண்டனையே அவனுக்குப் போதும், பொட்டலப் பையன்கள் பின்னால் ஓடுகிற போலீஸ் அந்த நேரத்தில் மூட்டை அனுப்புகிறவனைத் தேடட்டும் என்று சொல்.

மூன்றாவது பக்கத்தை மாற்றி எழுதி அனுப்பு. சட்டப் பிரிவுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
மாமா