அதே ஓட்டையில் மறுபடி முடுக்காதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோவில் நீ பேசிக்கொண்டிருந்தாய். என் கண்ணெல்லாம் உனக்குப் பின்னால், ஜன்னலுக்கு மேலே சாய்ந்து நின்ற கர்ட்டன் ராடு மேல்தான். கேட்டதற்கு, "ரெண்டு தடவை முடுக்கிட்டேன்பா, மறுபடி மறுபடி கழண்டுடுது" என்றாய். அதற்கு நேர் கீழே குழந்தையின் கட்டில். கைக்குக் கிடைத்ததைப் பிடித்து எழுந்து நிற்கிற பருவம் அவனுக்கு. இரவு தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதுகிறேன்.

உன் கை வேலையில் குறையில்லை. அந்தச் சுவர் அப்படி. இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை இறுக்கிச் செய்த பலகை அது, பெரும்பாலும் 12.5 மில்லிமீட்டர் கனம்தான். அதற்குப் பின்னால் வெற்றிடம். திரையை இழுக்கும்போதெல்லாம் ராடைத் தாங்கும் பிராக்கெட்டின் கீழ்விளிம்பு சுவரில் அழுந்தும், மேல் ஸ்க்ரூவை வெளியே நெம்பும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஓட்டையைச் சுற்றி ஜிப்சம் கொஞ்சம் பொடியாகும். பொடிந்த இடம் திரும்பப் பிடிப்புக் கொடுக்காது. பட்டி வைத்து அடைத்து அதிலேயே முடுக்கினாலும் சில நாள்தான் நிற்கும்.

பாரத்தைப் பின்னால் இருக்கிற மரச்சட்டம் தாங்க வேண்டும். சட்டங்கள் வழக்கமாக 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும். ஜன்னலைச் சுற்றி இன்னும் நெருக்கம்: இரண்டு பக்கமும் நிற்கிற சட்டம், மேலே பெரும்பாலும் ஒரு குறுக்குக் கட்டை. அதனால் ஜன்னல் ஓரத்திலிருந்தே தேடு. நல்ல காந்தம் ஒன்று போதும். பலகையைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் பெயின்டுக்குள் மறைந்திருக்கும். காந்தம் ஒட்டும் இடங்கள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் வந்தால் அங்கே சட்டம் இருக்கிறது. பென்சிலால் குறித்து, மெல்லிய டிரில் பிட்டால் ஒரு துளை போட்டுப் பார். மரத்தூள் வந்தால் மரம். வெள்ளைப் பொடி மட்டும் வந்து பிட் சட்டென்று உள்ளே போனால் வெற்றிடம். உலோகத்தூள் வந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு, அதற்கு ஸ்க்ரூவே வேறு. ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே மட்டும் துளை போடாதே, வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும்.

மரம் கிடைத்துவிட்டால் 2 அங்குல ஸ்க்ரூ போடு, அசையாது. பிராக்கெட் வர வேண்டிய இடத்தில் மரம் இல்லையென்றால், நானாக இருந்தால் ஜன்னலுக்கு மேலே இரண்டு சட்டத்தைத் தொடும்படி ஒரு நீள மரப்பலகையை முடுக்கி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, பிராக்கெட்டை அதில் பிடிப்பேன். பழைய ஓட்டைகளும் மறைந்துவிடும். பலகையை வைக்கும்போது ரசமட்டம் வேண்டும். சின்ன வயதில் என் பக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, "குமிழி நடுவுல வந்துடுச்சுப்பா" என்பாயே, அதேதான்.

மரப்பலகை வேண்டாமென்றால் டாகிள் போல்ட் வாங்கு. உள்ளே போனதும் இறக்கை விரித்து ஜிப்சம் பலகையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். போல்டை முதலில் பிராக்கெட்டில் நுழைத்துவிட்டு, அப்புறம் இறக்கையை மாட்டி, மடக்கித் துளைக்குள் தள்ளு. பிராக்கெட்டை உன் பக்கம் இழுத்துப் பிடித்தபடி முடுக்கு. இறுகியதும் நிறுத்து, அதற்கு மேல் திருகினால் ஜிப்சம் பலகை நசுங்கும். போல்டை முழுக்கக் கழற்றினாலோ இறக்கை சுவருக்குள் விழுந்துவிடும். ராடோடு வந்த, ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள் செருகும் சின்ன பிளாஸ்டிக் பிளக்கை இந்தச் சுவரில் நம்பாதே. உன் திரைத் துணி கனம், ராடும் நீளம், நடுவிலும் ஒரு பிராக்கெட் போடு.

இதெல்லாம் லீவு நாளில், மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடிக்க ஆள் இருக்கும்போது செய்யலாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ராடைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கட்டிலை ஜன்னலை விட்டு நகர்த்திவிடு. எவ்வளவு உறுதியாக முடுக்கினாலும் குழந்தை பிடித்துத் தொங்குவதற்கான பொருள் இல்லை அது. அதனால் ராடு மாட்டிய பிறகும் கட்டில் அங்கே திரும்பிப் போக வேண்டாம். நகர்த்தியதும் ஒரு போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா