சிவப்பணுவில் ஏது டி.என்.ஏ.?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், 'ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பரம்பரை நோய்களைக் கண்டறிகிறார்கள்' என்று வந்திருந்தது. மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில், டி.என்.ஏ. இருக்கும் இடமான உட்கருவே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே உட்கருவை வெளியே தள்ளிவிடுகிற செல் அது. பிறகு, தனக்கென்று கொஞ்சம் டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடுகிறது; ஹீமோகுளோபினைச் சுமப்பதுதான் அதன் வேலை. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பது வெள்ளையணுக்களிலிருந்துதான்.

நான் 28 ஆண்டுகளாக உயிரியல் பாடம் நடத்துகிறவள். திங்கட்கிழமை மாணவி ஒருத்தி, நான் தப்பென்று அடித்த விடைத்தாளையும் உங்கள் பக்கத்திலிருந்து வெட்டிய துண்டையும் என் மேசையில் வைத்தாள். அந்த வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே மிஸ்" என்றாள். சாயமேற்றிய ரத்தப்பூச்சை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். நடுவில் வெளிறிய சிவப்பணுக்கள் கும்பல் கும்பலாக. அவற்றுக்கிடையே ஒரே ஒரு வெள்ளையணு, உள்ளே ஊதா நிறத்தில் மடல் மடலாக உட்கரு. வெகுநேரம் பார்த்தாள். ஆனாலும் அந்தத் துண்டை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் போனாள்.

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. 'மனித செல்லில் 46 மரபணுக்கள்' என்று முன்பொருமுறை போட்டீர்கள். 46 என்பது, மரபணுக்களைத் தாங்கியிருக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை. புரதம் செய்யும் குறிப்புள்ள மரபணுக்களே சுமார் 20,000 இருக்கின்றன. அப்போதே எழுதினேன், பதில் இல்லை. டி.என்.ஏ. என்று நீங்கள் போடும் படத்தில் முறுக்கு எப்போதும் இடப்பக்கமாகவே ஓடுகிறது. செல்லில் வழக்கமாக இருப்பது வலப்பக்க முறுக்கு. அதற்கும் எழுதினேன்.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது, 'பெண்ணாகவே பெறும் தாய்மார்கள்' என்று மகளிர் பக்கத்தில் வந்த தலைப்பு. தாயின் கருமுட்டை தருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். பெண்ணாக்கும் எக்ஸா, ஆணாக்கும் ஒய்யா என்பதைக் கொண்டுவருவது தகப்பனின் விந்தணு. மூன்று பெண்களைப் பெற்ற என் அக்கா, இந்த ஒரு பேச்சைக் கேட்டுக் கேட்டே காலம் தள்ளியவள். தங்கள் பத்திரிகையை அவளும் படிக்கிறாள்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். அதே ஞாயிறு பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அந்த மாணவியிடம் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை