முக்கோணத்த சோதிச்சாங்க சரி, அத வைக்கப் போறவன?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வண்டி ரோட்டுல நின்னுட்டா பின்னாடி வைப்போமே சிவப்பு முக்கோணம், அதுக்கு ரூல் போடுறவங்க என்ன காரணம் சொல்றாங்கன்னு தேடிப் படிச்சேன், அதுல ஒரு ஓட்டை தெரிஞ்சுது, அதான் எழுதுறேன்.

அமெரிக்காவுல இந்த முக்கோணத்துக்குன்னே எஃப்எம்விஎஸ்எஸ் 125னு அரசாங்கத்தோட வண்டிப் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் ஒண்ணு இருக்கு. நோக்கம் ஒரே வரிதான், நின்ன வண்டி மேல பின்னாடி வர்ற வண்டி மோதி சாவும் காயமும் ஆகுறது குறையணும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் முக்கோணத்தோட ஜாதகம்: பக்கம் ஒவ்வொண்ணும் 17ல இருந்து 22 இன்ச், ராத்திரி லைட் பட்டா மின்ன சிவப்பு, பகலுக்கு ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு, கான்கிரீட் தரையில வச்சு மணிக்கு 40 மைல் வேகத்துல 3 நிமிஷம் காத்தடிச்சாலும் 3 இன்ச்சுக்கு மேல நகரக்கூடாது, 10 டிகிரிக்கு மேல சாயக்கூடாது. இதுல குறை சொல்ல மாட்டேன், ஏன்னா லாரி ஒண்ணு உரசுற மாதிரி போன காத்துல மல்லாக்க விழுந்த முக்கோணத்த நானே ஓடிப்போய் நிமித்தியிருக்கேன்.

விட்டுப்போனது என்னன்னா அத கொண்டுபோய் வைக்கிற ஆளு. அங்க லாரி டிரைவர் 10 நிமிஷத்துக்குள்ள வச்சாகணும், ஒன்வேன்னா பின்னாடி 200 அடி வரைக்கும் நடக்கணும். பேப்பர்ல 200 அடி சின்னதுதான். ராத்திரியில ஹெட்லைட் கண்ண கூச, மூணு பட்டையையும் விரிச்சு கொக்கி மாட்டுறதுக்குள்ள கை நடுங்கிடும், இதுல முக்கோணம்தான் மின்னும், நம்ம சட்டை மின்னாது.

ஸ்பெயின்ல இத யோசிச்சிருக்காங்க. இறங்கி நடக்குறவங்க அடிபடுறாங்கன்னு சொல்லித்தான் 2026 ஜனவரி 1ல இருந்து முக்கோணத்துக்கு பதிலா வி-16ங்கிற மின்னுற லைட்ட கட்டாயமாக்கினாங்க, ஜன்னல் வழியா கைய நீட்டி கூரை மேல வச்சா போதும், வண்டி நிக்கிற இடத்தையும் போக்குவரத்துத் துறைக்கு அதுவே அனுப்பிடும். ஆனா வளைவுக்கு அந்தப் பக்கம் நிக்கிற வண்டியோட கூரை லைட்டு இந்தப் பக்கம் வர்றவனுக்கு எப்படி தெரியும், முக்கோணம்னா வளைவுக்கு முன்னாடியே வச்சிடலாமே. அங்கயும் கணக்கு பாதிதான் போல.

டிரைவரே இல்லாத லாரி கம்பெனிக்காரங்க, முக்கோணத்துக்கு பதிலா கேபின்லயே லைட் மாட்டிக்கிறோம்னு அமெரிக்க அரசாங்கத்துகிட்ட கேட்டப்ப, அதே அளவு பாதுகாப்புன்னு நிரூபிக்கலன்னு 2024 டிசம்பர்ல முதல்ல முடியாதுன்னுட்டாங்க. நியாயம்தான், புதுசா வர்றவன் நிரூபிக்கட்டும். ஆனா 1970கள்ல இருந்து உக்காந்திருக்கிற முக்கோணத்தையும் அதே மாதிரி நிக்க வச்சு கேக்கணுமில்ல? ரூல் போடுறவங்களே, எத்தனை மோதல் குறையுதுன்னு எழுதுற இடத்துக்குப் பக்கத்துலயே, வைக்கப் போய் எத்தனை பேர் அடிபட்டாங்கன்னும் ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டிரைவர்