அடித்தவன்தான் வீட்டை விட்டுப் போக வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போலந்தில் குழந்தைப் பிறப்பு குறைவதற்குக் காரணம் பெண்கள் குடும்பத்தை வெறுப்பதுதான் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிராக்கோவில் குடியிருக்கும் எனக்கு அதை ஏற்க முடியவில்லை. பிறப்பு குறைந்தது உண்மைதான், அதற்கு வீட்டு விலை தொடங்கி ஆயிரம் காரணங்கள். ஆனால் இங்குள்ள பெண்கள் வெறுப்பது குடும்பத்தை அல்ல, குடும்ப மானம் என்று சொல்லி அடியை வாங்கிக்கொண்டு வாய்மூடிக் கிடப்பதைத்தான்.

பெண்டாட்டியை அடிக்காவிட்டால் அவள் ஈரல் அழுகிவிடும் என்று பழமொழியே வைத்திருந்த நாடு இது. 1997-இல் முகத்தில் காயங்களோடு ஒரு பெண்ணின் படம், பக்கத்தில் 'சூப்பில் உப்பு கூடிவிட்டது' என்ற காரணம், இப்படி விளம்பரப் பலகைகள் வைத்தார்கள். அடுத்த ஆண்டு போலீஸில் 'நீல அட்டை' முறை வந்தது, வீட்டில் நடக்கும் வன்முறையைப் பதிவு செய்து நடவடிக்கையைத் தொடங்கும் படிவம் அது. இன்று டாக்டர், ஆசிரியர், சமூகப் பணியாளர் என யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை நிரப்பலாம், அடிபட்டவரின் சம்மதம்கூட வேண்டாம். கால் தடுக்கி விழுந்துவிட்டேன் என்று பயத்தில் அவள் சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடாது. 2010-இல் பிள்ளைகளை அடிப்பதையும் தடை செய்தார்கள், பெற்றோரே ஆனாலும்.

எல்லாம் நேராகப் போகவில்லை. 2020 ஜூலையில் நீதி அமைச்சர் ஜியோப்ரோ, பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் இஸ்தான்புல் உடன்படிக்கையிலிருந்து விலகப் போவதாக அறிவித்தார், வார்சாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அரசியல் சாசனத் தீர்ப்பாயம்வரை போன அந்த விவகாரத்தில் அரசின் மனுவை 2024 ஜனவரியில் பிரதமர் டஸ்க்தான் திரும்பப் பெற்றார்.

ஆனால் அதே 2020-இல் நிறைவேறிய ஒரு சட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆபத்து என்று தெரிந்தால், வந்த போலீஸ்காரரே அடித்தவனை அந்த இடத்திலேயே 14 நாட்களுக்கு வீட்டை விட்டு வெளியேற்றலாம், வீடு அவன் பெயரில் இருந்தாலும் சரி, அப்புறம் நீதிமன்றம் அதை நீட்டிக்கலாம். அதுவரை நடுராத்திரியில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது அவள்தானே! நம் இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டமும் போலந்தின் அடிப்படையான குடும்ப வன்முறைச் சட்டமும் ஒரே ஆண்டில், 2005-இல், நிறைவேறியவை. நம் சட்டத்திலும் கணவனை வெளியேற்ற மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், ஆனால் அந்த உத்தரவு கைக்கு வரும்வரை அவள் எங்கே இருப்பாள்?

2023-இல் முன்னாள் கணவன் செய்யும் தொல்லை, பணத்தைப் பிடித்து வைப்பது, போனிலும் இணையத்திலும் மிரட்டுவது எல்லாம் போலந்துச் சட்டத்துக்குள் வந்தன, அடிதடியைப் பார்த்து வளரும் குழந்தையும் பாதிக்கப்பட்டவர்தான் என்று எழுதினார்கள். ஆனாலும் அதே ஆண்டு மே மாதம் சென்ஸ்டொஹோவா நகரில் வீட்டில் சித்திரவதைப்பட்ட எட்டு வயதுப் பையன் ஒருவன் இறந்தான், அந்தக் குடும்பத்தை அதிகாரிகளுக்கு முன்பே தெரியும். நாடே கொதித்தது. குழந்தைகளோடு பழகும் எல்லா நிறுவனங்களுக்கும் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கிய சட்டம் அதன் பிறகே வந்தது.

அடுத்த முறை போலந்துக் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது பிறப்பு விகிதத்தோடு இந்தச் சட்டங்களையும் எழுதுங்கள். இங்குள்ள பெண்களிடம் கேட்டும் எழுதுங்கள்.

– ஒரு வாசகி, கிராக்கோவ், போலந்து