சாகும் தறுவாயில் இருப்போரிடம் எச்.ஐ.வி. ஆய்வு: அனுமதிக்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதலாகத் தெரியவந்தபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் சோதனைக்கு வந்தது வேலூருக்குத்தான். இந்த ஊருக்கு எச்.ஐ.வி. ஆய்வு புதிதல்ல. 2004இல் அரசு எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கிய பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் காசநோய் முற்றிய பிறகு வருபவர்களும், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வருபவர்களும் இன்றும் உண்டு. இவர்களிடம் ஆய்வுக்கு ஒப்புதல் வாங்குவதும் ரத்தம் எடுப்பதும், இறந்த பிறகு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பதும் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் செவிலியர்கள், ஆலோசகர்கள், களப்பணியாளர்கள். ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதல் படிவத்தை வரிவரியாக அலசுகின்றன. அதைக் கட்டிலருகே எடுத்துப் போகிறவரின் நிலை அந்த அளவுக்கு அலசப்படுவதில்லை.

"நீங்க எது சொன்னாலும் சரிதாம்மா, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்கும் நோயாளி ஆஸ்பத்திரியை நம்பிப் பேசுகிறார்; ஆய்வு என்னவென்று அவருக்கு இன்னும் தெரியாது. சேர்ந்தால் கவனிப்பு கூடும், மறுத்தால் மாத்திரை நின்றுவிடும் என்ற எண்ணம் உள்ளே இருக்கும். படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டினாலும் அது போகாது. இது வைத்தியமா ஆய்வா, வேண்டாமென்றால் என்ன ஆகும், நடுவில் விலக யாரிடம் சொல்ல வேண்டும் என்ற மூன்றுக்கும் அவர் வாயாலேயே பதில் வர வேண்டும். வராவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவருக்குத் தெலுங்கிலும், வாணியம்பாடி, ஆம்பூரிலிருந்து வருபவர் கேட்டால் உருதுவிலும் படிவம் தயாராக இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரை மொழிபெயர்க்கச் சொன்னால் ரகசியம் அங்கேயே முடிந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது ஆய்வைச் சேராத ஒரு சாட்சி வேண்டும் என்பது விதி. அந்தச் சாட்சிக்கும் நோய் தெரிந்துவிடுமே! அவசரத்துக்கு வார்டு உதவியாளரைக் கூப்பிடுவார்கள். அவர் நோயாளியின் ஊர்க்காரராக இருப்பார். சாட்சி யார் என்பதை முதலில் நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் படிவத்தைப் பிரிக்க வேண்டும். புதிய மருந்துச் சோதனைகளில் சில வகையினரின் ஒப்புதலை வீடியோ எடுக்கச் சொல்லும் விதிகள், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் குரல் பதிவு போதும் என்கின்றன. நல்ல சலுகைதான். ஆனால் பொது வார்டில் அந்தக் குரலைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள். கதவு உள்ள ஓர் அறை இல்லாத இடத்தில் இந்தச் சலுகையால் பயன் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் பிறகு வருகிறது. காசநோயாலோ கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையாலோ மூளைக்காய்ச்சல் வந்தவர் காலையில் தெளிவாகப் பேசுவார், மாலையில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அப்போது சட்டப்படியான பிரதிநிதியின் ஒப்புதல் தேவைப்படும். அந்தப் பிரதிநிதி அப்பாவாக இருக்கலாம். மகனுக்குக் காசநோய் என்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆய்வு என்னவென்று சொல்லாமல் அப்பாவிடம் ஒப்புதல் வாங்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. இந்த முடிச்சைப் படுக்கையருகே நின்று அவிழ்க்க முடியாது. சேர்க்கும் நாளிலேயே, நோயாளி தெளிவாக இருக்கும்போதே, "உங்களால் பேச முடியாமல் போனால் யாரைக் கேட்க வேண்டும்? அவருக்கு நோய் தெரியுமா? தெரியாவிட்டால் சொல்லலாமா?" என்று கேட்டு, பதிலை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். சொல்லக் கூடாது என்றால், நினைவு தப்பும் நாளில் அவரை ஆய்விலிருந்து நிறுத்துவோம் என்று திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

கேள்வித்தாள் பெரும்பாலும் மிக நீளம். வாய் முழுக்க வெண்புண் படிந்தவருக்கு நான்கு வாக்கியம் பேசுவதே வலி. முக்கியமான கேள்விகளை முன்னால் வைத்தால் எங்கே நிறுத்தினாலும் நஷ்டமில்லை. வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால், போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம். அடுத்த மாத்திரை நெருங்கும் நேரத்தில் போகக் கூடாது. "இனி என் உடல்நிலை மோசமாகும் என எதிர்பார்க்கிறேன்: சரியா, தவறா?" என்ற மாதிரிக் கேள்விகளை வெளிநாட்டுப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்து வைப்பவர்கள், ஒருமுறை அதை உரக்க வாசித்துப் பார்க்கட்டும்.

ரத்தம் எடுப்பதில் சுருக்கமாகச் சில. சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) பார்க்கும் மாதிரியை ஐஸில் வைக்கக் கூடாது. மே மாத வெயிலிலும் விடக் கூடாது. ஊதா மூடிக் குழாயைத் துணி சுற்றிய குளிர்பொதி உள்ள பெட்டியில், பொதியில் நேரடியாகப் படாமல் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. நரம்பு கிடைக்காத கையில் இரண்டு முறைக்கு மேல் குத்துவதில்லை என்பது எழுதப்பட்ட விதியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மாதிரி எண்ணிக்கைக்காக மூன்றாவது முறையும் குத்துவார்கள். பணியாளர் கையில் ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை ஆறு மணிக்கு அது எங்கே கிடைக்கும் என்பது பையிலுள்ள அட்டையில் எழுதியிருக்க வேண்டும்.

வலியில் துடிப்பவரைப் பார்த்தும் "நாங்க ஆய்வுக்குத்தான் வந்தோம்" என்று திரும்புவதுதான் பணியாளரை உள்ளுக்குள் அரிக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரணக் கவனிப்பு உண்டு. ஆனால் வரும் தன்னார்வலர் பக்கத்துத் தெருப் பெண்ணாக இருக்கலாம். நோயாளியைக் கேட்காமல் பேரைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் வலி, படுக்கைப்புண் என்று சொன்னால் போதும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் கூட்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். ஏன் இன்னும் மாத்திரை தரவில்லை என்று குடும்பம் களப்பணியாளரைத்தான் கேட்கும். சி.டி.4 பத்தில் கிடந்தவர் சில மாதத்தில் எழுந்து நடப்பதும் இந்த நோயில் உண்டு. அதனால் யாரையும் பணியாளர் கைவிட்டுப் பேசக் கூடாது, பிழைப்பார் என்று வாக்கும் தரக் கூடாது.

மருந்துச் சோதனையில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், விரிவான அறிக்கைக்கு 14 நாள். அதாவது, பிணம் வீட்டில் கிடக்கும்போதே போன் போகும். அந்த அழைப்பில் இறந்த நாளும் இடமும் மட்டும் கேட்டால் போதும். அறிக்கைக்கு வேண்டிய மற்றதை மருத்துவர் முதலில் ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்து எடுக்கலாம். எப்படி இறந்தார் என்று வீட்டாரிடம் விசாரிக்கும் ஆய்வானால் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு போகலாம், பழகிய முகம்தான் முதலில் போக வேண்டும். முதல் அழைப்பு முடிந்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: தானாகப் போகும் "நாளை உங்கள் பரிசோதனை நாள்" குறுஞ்செய்தியை நிறுத்துவது. அது காரியத்தன்று போய்ச் சேர்ந்தால் அந்தத் தெருவுக்குள் பிறகு யாரும் போக முடியாது.

ஆகவே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இத்தகைய ஆய்வுகளை அனுமதிக்கும் குழுக்கள் மூன்றைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும்: நினைவு தப்பினால் யார் முடிவு செய்வது, வலி கண்டால் யாருக்குப் போன் செய்வது, இறப்புக்குப் பின் பணியாளருக்கு எத்தனை நாள் விடுப்பு. வாரம் ஒரு மணி நேரம், வேலையை மதிப்பிடாத ஓர் ஆலோசகரிடம் பணியாளர்கள் பேசுவதற்கான தொகை, பயணப்படி போலவே திட்டச் செலவில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வுக் களப்பணியாளர்கள் சிலர்,
வேலூர்